எஃகு ஹார்டெயில் வாங்குவதும் ஓட்டுவதும்: புதிதாக வருகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில் மலைச் சைக்கிளின் பழைய எஃகு ஃபிரேம் ஒன்றை வாங்கினேன். நிறம் பிடித்திருந்தது. குழாயில் ஒட்டியிருந்த, அந்தக் குழாயைச் செய்த ரேனால்ட்ஸ் நிறுவனத்தின் ஸ்டிக்கர் அதைவிடப் பிடித்திருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து சீட்டை உயர்த்தப் பார்த்தால் அதைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் அசையவே இல்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியப் போஸ்ட், இரண்டுக்கும் நடுவே பல வருட மழைத் தண்ணீர். மூன்று நாள் எண்ணெய் விட்டும் பலன் இல்லை. கடைசியில் போஸ்ட்டின் தலையை அறுத்துவிட்டு, ரம்ப பிளேடை உள்ளே விட்டு நீளவாக்கில் கீறி, துண்டு துண்டாக உரித்தெடுத்தேன். வெள்ளைப் பொடியும் செந்துருவும் சேற்றுக் குழம்பாகக் கொட்டியது. இவ்வளவு பாடுபட்டு ஓட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஃபிரேம் எனக்கு ஒரு அளவு சின்னது.

ஸ்டிக்கரைப் பார்த்த கண்ணால் அளவைப் பார்த்திருந்தால் இரண்டும் நடந்திருக்காது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் நான் வற்புறுத்தப் போவது ஒரு வரிசையை: முதலில் அளவு, அடுத்து சாய்வுக் கோணம், அடுத்து டயருக்கு இடம், எல்லாவற்றுக்கும் பிறகு குழாயின் பெயர்.

ஹார்டெயில் எது, அதில் எஃகு எதற்கு

முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) உள்ள மலைச் சைக்கிளுக்கு ஹார்டெயில் என்று பெயர். பின்சக்கரம் நேரே ஃபிரேமில் பூட்டப்பட்டிருக்கும். பின்னால் ஷாக் கிடையாது, தேய்ந்துபோகிற இணைப்பு பேரிங்குகள் கிடையாது. பராமரிப்பு குறைவு, விலை குறைவு, மிதிக்கிற விசை வீணாகாது. பின்னால் வாங்குகிற அடி மட்டும் உங்கள் முழங்காலுக்கு வந்து சேரும். அதை எப்படி வாங்கிக்கொள்வது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மலைச் சைக்கிளே எஃகில் பிறந்ததுதான். 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில இளைஞர்கள், 1930, 40களில் செய்த கனத்த ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து மலைமேல் ஏற்றி, மண் பாதையில் இறங்கி விளையாடினார்கள். ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் 1976 அக்டோபர் 21 அன்று முதல் ரீபேக் பந்தயம் நடந்தது. பெடலைப் பின்னால் அழுத்திப் பிடிக்கிற பிரேக் என்பதால், ஒரே இறக்கத்தில் பின் ஹப் சூடேறி உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைப்பது என்ற பொருளில் ரீபேக் என்ற பெயர் வந்தது அப்படித்தான். அந்தப் பழைய ஃபிரேம்கள் அடி தாங்காமல் வளைந்தன, உடைந்தன. 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே குரோமோலி குழாய்களை வைத்து ஒரு ஃபிரேம் கட்டினார். குரோமியம் சுமார் 1 சதவீதமும் மாலிப்டினம் சுமார் 0.2 சதவீதமும் சேர்த்த எஃகுதான் குரோமோலி. 4130 என்ற எண்ணாலும் அதைச் சொல்வார்கள். இன்றைக்குக் கடையில் நிற்கும் எஃகு ஹார்டெயில்களில் பெரும்பாலானவை இந்தக் குடும்பத்து எஃகுதான்.

"எஃகு மெத்தென்று இருக்கும், அதிர்வைக் குடித்துவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். இதில் பாதிதான் உண்மை. ஒரே கன அளவை எடுத்தால் எஃகு அலுமினியத்தைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம், மூன்று மடங்கு விறைப்பு. அலுமினியத்தில் ஃபிரேம் செய்கிறவர் விறைப்பை ஈடுகட்டக் குழாயைப் பருமனாக்குவார். எஃகில் செய்கிறவருக்கு ஒல்லியான குழாயே போதும். அந்த ஒல்லிக் குழாய் பக்கவாட்டிலும் முறுக்கிலும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வேர்கள் குறுக்கே ஓடும் வளைவில் சைக்கிள் துள்ளி விலகாமல் தரையை ஒட்டியே போவதுபோன்ற உணர்வு அதிலிருந்து வருகிறது. எனக்கு மிகவும் பிடித்த உணர்வு அது. ஆனால் மேலிருந்து கீழாக வரும் அடிக்கு முக்கோணமாகக் கட்டிய பின்பகுதி வளைவது மிகச் சொற்பம். அங்கே டயர் நசுங்குவதுதான் பெரிய பங்கு. எஃகு வாங்கினால் முதுகுவலி வராது என்று நினைத்து வாங்காதீர்கள்.

எஃகை நான் தேர்ந்தெடுப்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. பாறையில் விழுந்து எழுந்தால் சின்ன நெளிவோடு போய்விடும். விரிசல் விட்டாலும் பெரும்பாலும் மெதுவாக வளரும், பெயிண்டில் முடிக்கோடுபோலத் தெரியும், கவனிக்கிறவருக்கு நேரம் கொடுக்கும். ஃபிரேம் கட்டும் கைவினைஞரிடம் கொண்டுபோனால் ஒரு குழாயை மட்டும் மாற்றித் தருவார். சாதாரண வெல்டிங் பட்டறைக்கு மட்டும் கொண்டுபோக வேண்டாம், அரை மில்லிமீட்டர் சுவரில் ஆர்க் வெல்டிங் ஓட்டை போட்டுவிடும். எடை கூடுதல்தான். ஒத்த அலுமினிய ஃபிரேமைவிட அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை அதிகம் இருக்கும். பந்தயத்தில் ஏற்றம் ஏறப் போகிறவர் அலுமினியமோ கார்பனோ பார்ப்பது நல்லது.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

இதை முதலில் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஓட்டுவது ஷெஃபீல்டை ஒட்டிய பீக் டிஸ்ட்ரிக்ட்டில். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா, 1951இல் அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பாறை சொரசொரப்பான மணற்கல். ஒரு காலத்தில் இதில்தான் திரிகைக்கல் வெட்டினார்கள். விற்காமல் போன வட்டக்கற்கள் இன்றும் ஸ்டேனேஜ் பாறைச் சரிவின் அடியில் பாசி படிந்து கிடக்கின்றன. ஏற்றம், கல் படிகள், ஈரமான வேர், மறுபடி ஏற்றம். இப்படிப்பட்ட இடத்துக்கு 120 முதல் 140 மி.மீ. நகர்வுள்ள ஃபோர்க்கும் 29 அங்குலச் சக்கரமும் சரியாக இருக்கும். காட்டுச் சாலை, மண் பாதை, மூட்டை கட்டிக்கொண்டு நெடும்பயணம் என்றால் 100 முதல் 120 போதும். ஃபோர்க்கே சஸ்பென்ஷன் இல்லாத எஃகுக் குச்சியாக இருந்தாலும் தவறில்லை. பைக் பார்க்கில் பெரிய குதிப்புகளே உங்கள் ஆசை என்றால், ஹார்டெயில் முதல் சைக்கிளாக இருக்க வேண்டியதில்லை.

அளவு: இங்கே அவசரம் வேண்டாம்

சின்னது, நடு, பெரியது என்று கடையில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ஒரு நிறுவனத்தின் நடு அளவு இன்னொன்றில் பெரியதாக இருக்கும். பார்க்க வேண்டிய எண் ரீச். இரண்டு பெடல் கைகளும் சேர்ந்து சுழலும் நடு அச்சுக்கு (இனி பெடல் அச்சு) நேர் மேலே ஒரு செங்குத்துக் கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹெட் குழாயின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன்குழாய்) உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பதுதான் அது. எழுந்து நின்று ஓட்டும்போது உங்கள் உடம்புக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவே. 160 செ.மீ. உயரமுள்ளவர் 400 முதல் 425 மி.மீ. ரீச்சில் தேடத் தொடங்கலாம். 170 செ.மீ. என்றால் 430 முதல் 450, 180 என்றால் 455 முதல் 480. கை நீளமானவர் அந்த எல்லையின் மேல் பக்கம் போகலாம். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றால், கடையில் ஏறி நின்று பாருங்கள். முழங்கை மடங்கி, இடுப்பு பின்னால் போன நிலையில் மூக்கு ஏறக்குறைய ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்முக்கு மேலே வர வேண்டும்.

அடுத்தது சீட் குழாயின் நீளம். புதிதாக வாங்குகிறவர்கள் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். இன்றைக்கு டிராப்பர் போஸ்ட் இல்லாமல் மலைப் பாதைக்குப் போக வேண்டியதில்லை. கட்டைவிரலால் ஒரு நெம்பைத் தட்டினால் சீட் கீழே போய்விடும், இறக்கத்தில் கால்களுக்கு இடம் கிடைக்கும். ஹார்டெயிலில் அந்த இடம் இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் பின்சக்கரத்துக்கு உங்கள் காலைத் தவிர வேறு ஷாக் கிடையாது. சீட் குழாய் நீளமாக இருந்தால் நீளமான டிராப்பர் பொருந்தாது.

கணக்கு இப்படிப் போடுங்கள். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தொடைகளுக்கு நடுவே ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் விளிம்பு வரை அளக்கவும். எனக்கு 78 செ.மீ. வருகிறது. அதை 0.883ஆல் பெருக்கினால் பெடல் அச்சிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை எவ்வளவு வேண்டும் என்று கிடைக்கும்: சுமார் 690 மி.மீ. இதிலிருந்து 150 மி.மீ. டிராப்பர் நகர்வைக் கழியுங்கள். டிராப்பரின் கழுத்து, தலை, சீட்டின் தடிமன் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100. அதையும் கழித்தால் 440. என் உடம்புக்கு சீட் குழாய் 440 மி.மீ.ஐத் தாண்டக் கூடாது. எனது அந்த முதல் ஃபிரேமின் சீட் குழாய் 480. ரீச் சின்னது, சீட் குழாய் பெரியது. பழைய வடிவங்களில் இது சாதாரணம். டிராப்பர் குழாய்க்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதையும் விசாரியுங்கள். சில ஃபிரேம்களில் சீட் குழாய் கீழே வளைந்திருக்கும், அங்கே போஸ்ட் முட்டி நின்றுவிடும்.

சாய்வுக் கோணம்

ஹெட் குழாய் தரையோடு செய்கிற கோணம் ஹெட் ஆங்கிள். எண் குறையக் குறைய முன்சக்கரம் முன்னால் தள்ளிப் போகும், இறக்கத்தில் தைரியம் கூடும், தட்டையான இடத்தில் ஹேண்டில்பார் சோம்பலாகத் திரும்பும். 64 முதல் 67 டிகிரி வரை இப்போதைய ஹார்டெயில்கள் வருகின்றன. புதியவருக்கு 65 அல்லது 66 நல்ல நடுவிடம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடைக்காரர்கூட இதைச் சொல்ல மாட்டார். காகிதத்தில் இருக்கும் எண், யாரும் ஏறாமல் சைக்கிள் சும்மா நிற்கும்போது உள்ள எண். நீங்கள் ஏறி நின்றதும் ஃபோர்க் கொஞ்சம் உள்ளே போகும். அதை ஸேக் என்பார்கள். இரண்டு பக்கமும் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் பின்பக்கமும் சேர்ந்து இறங்குவதால் கோணம் பெரிதாக மாறாது. ஹார்டெயிலில் முன்பக்கம் மட்டும் தாழும், சைக்கிள் முழுவதும் முன்னால் சரியும். 130 மி.மீ. ஃபோர்க்கில் 20 சதவீத ஸேக் என்றால் 26 மி.மீ. அதற்கே ஹெட் ஆங்கிள் ஒரு டிகிரிக்கு மேல் நிமிர்ந்துவிடும், ரீச்சும் 10 மி.மீ.க்கு மேல் கூடும். 65 என்று எழுதியிருந்தாலும் நீங்கள் ஓட்டுவது 66ஐ. பெரிய கல்லில் மோதி ஃபோர்க் முழுக்க உள்ளே போனால் ஐந்து டிகிரிக்கு மேல் நிமிரும், அந்த நொடியில் சைக்கிள் உங்களை முன்னால் தள்ளும். ஃபோர்க் நீளமானால் நல்லது என்று 160 மி.மீ. ஃபோர்க்கை ஹார்டெயிலில் மாட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். நகர்வு கூடக் கூட இந்த ஊஞ்சலாட்டமும் கூடும். ஃபிரேம் எந்த நீள ஃபோர்க்குக்காக வரையப்பட்டதோ அதிலேயே நில்லுங்கள். அதைவிட நீளமானது ஹெட் குழாயின் வெல்டிங் பற்றுக்கும் கூடுதல் சுமை.

சீட் குழாயின் கோணம் 74 முதல் 76க்குள் இருந்தால் ஏற்றத்தில் உடம்பு பெடலுக்கு மேலே வரும். பின் அச்சிலிருந்து பெடல் அச்சு வரையுள்ள செயின்ஸ்டே 420 முதல் 435 மி.மீ. இருந்தால் போதும்.

டயருக்கு இடம், உதிரிப் பாகங்களின் பொருத்தம்

பின்னால் 29க்கு 2.4 அங்குல டயர் தாராளமாகப் போக வேண்டும். "தாராளமாக" என்றால் டயருக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு பக்கமும் உங்கள் சுண்டுவிரல் நுழைய வேண்டும். சேறு ஒட்டிய டயர் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு சுழலும். எங்கள் ஊர் மணற்சேறு உப்புத்தாள் மாதிரி, ஒரே குளிர்காலத்தில் செயின்ஸ்டேயின் உள்பக்கப் பெயிண்டை உரித்துவிடும்.

பொருத்தங்களை வாங்குமுன் குறித்துக்கொள்ளுங்கள். பின் அச்சு பூஸ்ட் எனப்படும் 148 மி.மீ. அகலம், 12 மி.மீ. தடிமன் இருந்தால் இன்றைய சக்கரங்கள் எளிதாகக் கிடைக்கும். பழைய 135 மி.மீ. ஃபிரேம் மலிவாகக் கிடைத்தாலும் அதற்கு நல்ல சக்கரம் தேடுவது சிரமம். பெடல் அச்சு பேரிங் மரையில் திருகி மாட்டுவதாக, 73 மி.மீ. அகலத்தில் இருக்கட்டும். எஃகில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும், அதுவே இந்த ஃபிரேம்களின் பெரிய நிம்மதி. ஹெட் குழாய் 44 மி.மீ. உள்விட்டம் இருந்தால், கீழே அகலமாகிப் போகும் இன்றைய ஃபோர்க் தண்டையும் வெளிப்புறக் கப் போட்டு மாட்டலாம்.

முதல் சைக்கிள் என்றால் ஃபிரேமை மட்டும் வாங்கிக் கட்ட வேண்டாம், முழுச் சைக்கிளாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கினால் நிச்சயம் செலவு கூடும். சர்லியின் கராத்தே மங்கி, கோனாவின் ஹோன்சோவில் எஃகு வகை, மரினின் பைன் மவுண்டன் போன்றவை முழுச் சைக்கிளாக வந்த எஃகு ஹார்டெயில்கள். இங்கே பீக் டிஸ்ட்ரிக்டிலேயே இருக்கும் காட்டிக் நிறுவனம் வருடக்கணக்காக எஃகை நம்பித் தொழில் நடத்துகிறது.

குழாயின் பெயருக்கு இப்போது வரலாம். ஹை-டென் என்று மட்டும் எழுதியிருந்தால் மலிவான கார்பன் எஃகு, கனமாக இருக்கும். "மூன்று முக்கியக் குழாய்கள் குரோமோலி" என்று எழுதியிருந்தால் பின்பகுதி வேறு எஃகு என்று அர்த்தம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பர்மிங்காமில் வேர்விட்ட ரேனால்ட்ஸின் எண்களில் 520 என்பது சாதாரணக் குரோமோலி, 725 வெப்பப் பதம் செய்தது. 631 வெல்டிங் முடிந்து காற்றில் ஆறும்போது பற்றைச் சுற்றி வலுவிழக்காமல் இறுகுகிற எஃகு, அதையே வெப்பப் பதம் செய்தால் 853. எண் ஏறினால் மெல்லிய சுவரும் குறைந்த எடையும் சாத்தியம். பட்டட் என்ற சொல்லும் கண்ணில் படும். பற்று விழும் முனைகளில் தடிமனாகவும் நடுவில் மெல்லிசாகவும் இழுத்த குழாய் அது. 1897இல் ஆல்ஃபிரட் ரேனால்ட்ஸ் காப்புரிமை பெற்ற யோசனை. குழாயின் நடுவே நகத்தால் சுண்டிப் பாருங்கள், பித்தளைச் சொம்பு மாதிரி கணீரென்று கேட்கும்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. ரேனால்ட்ஸ் 1928இல் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் குழுமத்தில் சேர்ந்தது. அதே குழுமம்தான் 1949இல் முருகப்பா குடும்பத்தோடு கைகோத்து அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கியது. என் தாத்தா என்னை முன்பாரில் உட்காரவைத்து மிதித்த ஹெர்குலிஸ் அங்கே செய்ததுதான்.

பழைய ஃபிரேம் வாங்கினால்

ஒரு நூல்கண்டு, அளவுகோல், செல்போன் டார்ச். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் சீட் போஸ்ட்டை உருவித் தரச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால் உருவ வேண்டும். வராவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். வந்தால் உள்ளே டார்ச் அடியுங்கள். பழுப்புத் தூசியாக மேலோட்டமான துரு இருந்தால் பயமில்லை. ஏடு ஏடாக உரிந்தால் வேண்டாம்.

அடுத்து, கீழ்க்குழாயின் அடிப்பக்கம். ஹெட் குழாயிலிருந்து மூன்று நான்கு விரல் கீழே தள்ளிக் கட்டைவிரலை வைத்து மெதுவாக நீவுங்கள், கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நல்லது. எதிலாவது நேராக மோதிய ஃபிரேமில் அங்கே ஒரு சின்ன வீக்கம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். பெயிண்டில் குறுக்கே முடிபோல ஒரு கோடு இருந்தாலும் அதே சந்தேகம்தான். சீட் குழாயின் மேல்வாய் வெட்டு, பின் பிரேக் பிடிக்கும் இடம், செயின்ஸ்டே பெடல் அச்சில் சேரும் இடம் ஆகியவற்றிலும் இந்தக் கோட்டைத் தேடுங்கள்.

கடைசியாக நூல். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் ஒரு பக்கத்தில் நூலைக் கட்டி, ஹெட் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளக்கவும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. மூன்று, நான்கு என்றால் பின்பகுதி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

ஓட்டுவதற்கு முன் காற்று

டயரில் ட்யூப் இல்லாமல், ஓட்டையை அடைக்கும் திரவம் ஊற்றிய டியூப்லெஸ் முறைக்குப் போய்விடுங்கள். ட்யூப் இருந்தால் கல்லில் ரிம் இடித்து, அக்கம்பக்கமாக இரண்டு ஓட்டை விழும். ஹார்டெயிலின் பின்டயருக்கு அது அடிக்கடி நடக்கும். 70 கிலோ எடையுள்ளவர், 2.4 அங்குல டியூப்லெஸ் டயரில், முன்னால் 20, பின்னால் 24 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். இடம் பார்த்து ஒவ்வொன்றாகக் கூட்டிக் குறைத்து உங்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ரிம் கல்லில் இடிக்கிற "டங்" சத்தம் ஒரு சுற்றில் ஒருமுறைக்கு மேல் கேட்டால் பின்னால் 2 கூட்டுங்கள். பின்டயரின் பக்கச் சுவர் தடித்த வகையாக இருக்கட்டும். எடை பார்த்து அங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டு, ஓட்டும் உடையோடு பெடலில் சமமாக எழுந்து நின்று, பிரேக் பிடிக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் நகர்ந்த தூரம் மொத்த நகர்வில் 15 முதல் 20 சதவீதம் இருக்கும்படி காற்றை வையுங்கள்.

கால்தான் பின் ஷாக்

ஆணி முனைகள் உள்ள தட்டைப் பெடலோடு தொடங்குங்கள். காலைப் பூட்டும் பெடல் பிறகு பார்க்கலாம். தட்டைப் பெடலில் கால் வழுக்காமல் இருக்க, குதிகாலைக் கொஞ்சம் தாழ்த்தியே ஆக வேண்டும். அந்தப் பழக்கமே ஹார்டெயிலுக்குப் பாதிப் பாடம்.

நிற்கும் முறை இது: சீட் கீழே, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், முழங்கால் லேசாக மடங்கி, இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, முழங்கை வெளிப்பக்கம் விரிந்து. எடை முழுவதும் பாதத்தில். கையில் எடை இருக்கக் கூடாது, ஹேண்டில்பாரை விரல்கள் சும்மா சுற்றியிருந்தால் போதும். பிரேக்குக்கு ஒரு விரல். கண் முன்சக்கரத்தைப் பார்க்காமல் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

ஒரே ஒரு கல்படியை எடுத்துக்கொள்வோம், முழங்கால் உயரத்தில் பாதி. அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, படிக்குள் நுழையும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள். பூட்டிய பின்சக்கரம் கல்லின் விளிம்பில் மாட்டித் தூக்கியடிக்கும், உருளும் சக்கரம் இறங்கிவிடும். முன்சக்கரம் கீழே போகும்போது கைகளை நீட்டி அதைப் போகவிடுங்கள். உடனே அடுத்த பாதி வருகிறது. பின்சக்கரம் விளிம்பைத் தொடுவதற்கு முந்தைய கணத்தில் முழங்காலை மடக்கி எடையைத் தளர்த்துங்கள். சைக்கிள் உங்களுக்குக் கீழே எழும்பி வர இடம் கிடைக்கும், இடுப்பு இருந்த உயரத்திலேயே நிற்கும். சக்கரம் இறங்கியதும் கால்களை நீட்டி மறுபடி அழுத்துங்கள். இதைத் தெருவோரத்து நடைபாதை விளிம்பில் ஒரு மாலை முழுவதும் பழகலாம். காலை விறைப்பாக வைத்து ஒருமுறை, மடக்கி ஒருமுறை இறங்கிப் பாருங்கள். முதல் முறை முதுகெலும்பு வரை அடி ஏறும், இரண்டாவதில் "தொப்" என்ற சத்தத்தோடு முடிந்துவிடும்.

பின்னால் ஷாக் உள்ள சைக்கிள் கல்குவியலின் மேலேயே போய்விடும். நீங்கள் கற்களுக்கு நடுவே பாதை தேட வேண்டும். ஆரம்பத்தில் இது தொல்லையாகத் தெரியும். இரண்டு மூன்று மாதத்தில் கண் தானாகவே வழுவழுப்பான கோட்டைப் பிடிக்கும். எனக்கு ஹார்டெயில் மேல் பற்று வந்தது இதனால்தான். மலையை வாசிக்கக் கற்றுக்கொள்வதுபோல் இருக்கிறது.

ஏற்றத்தில் உட்கார்ந்தே மிதியுங்கள். வேர், கல் வரும் இடத்தில் மட்டும் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, பின்சக்கரம் ஏறியதும் உட்காருங்கள். முழுக்க எழுந்து நின்றால் பின்டயர் பிடிப்பை இழந்து சுழலும். நீண்ட இறக்கத்தில் முன்னங்கை எரிந்தால் நின்றுவிடுங்கள். சோர்ந்த கை பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும்.

முதல் இடங்கள்

ஷெஃபீல்டு பக்கம் இருக்கிறவர்கள் ரிங்கிங்லோவுக்கு அருகே லேடி கேனிங்ஸ் காட்டில் உள்ள புளூ ஸ்டீல் பாதையில் தொடங்கலாம். கல் பதித்தது, பெரிய ஆபத்து இல்லை, சுற்றிச் சுற்றி வரலாம். அது கைவந்த பிறகு லேடிபவர் நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள குன்றுகள். ஈடேலுக்கு மேலே ஜேக்கப்ஸ் லேடர் போன்ற உடைகல் இறக்கங்களுக்கு ஒரு வருடம் காத்திருங்கள். ஓட்டும் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி குதிரைப் பாதைகளில் சைக்கிள் ஓட்டலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட வேண்டும். நடைபாதை என்று குறித்த வழிகளில் அந்த உரிமை இல்லை. வரைபடத்தில் இரண்டும் வேறு வேறு கோடாக இருக்கும்.

துரு

புது ஃபிரேமாக இருந்தாலும் பாகங்களை மாட்டுவதற்கு முன்பு உள்பக்கம் ஆளிவிதை எண்ணெயோ, கார் கதவுகளுக்குள் அடிக்கும் மெழுகு ஸ்பிரேயோ விடுங்கள். ஃபிரேமை எல்லாப் பக்கமும் புரட்டி எண்ணெயை ஓடவிட்டு, ஒரு நாள் தொங்கவிட்டு, வடிந்ததைத் துடையுங்கள். பெடல் அச்சுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது தண்ணீர் வடியும் வழி, சேறு அடைக்காமல் குச்சியால் குத்திவிடுங்கள். கேபிள் உரசும் இடங்களில் தடித்த டேப் ஒட்டுங்கள். பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் நகப்பூச்சு போதும்.

சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் தடவித்தான் மாட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உருவித் துடைத்து மறுபடி தடவுங்கள். மழையில் ஓட்டிவிட்டு வந்த நாளில் போஸ்ட்டை அப்போதே உருவி, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவையுங்கள். குழாயிலிருந்து சில சமயம் அரை டம்ளர் தண்ணீர் கொட்டும். காலையில் உலர்ந்த துணியை உள்ளே விட்டுத் துடைத்துவிட்டு மாட்டிக்கொள்ளலாம்.